தலை மட்டும் போதும் என்றாள் அத்தை

எனக்கு எழுத வராது. செந்துறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். முன்னால் வர வேண்டியது பின்னால் வரும். ஒரு பேச்சு பாதியில் நின்று வேறு பேச்சுக்குப் போகும். மறதியும் சேர்ந்துகொண்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறவள் எழுதுவது என்று பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தைரியம் இருந்திருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அரியலூரில் தம்பி வீட்டில் இருக்கிறேன். கூடப் பிறந்த தம்பியிடமே கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன்.

அப்படிப்பட்டவள் போன வாரம், கூடத்தில் இருந்த புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைக் காய் நறுக்கும் கத்தியால் கிழித்துவிட்டேன். தம்பியும் அவன் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ணுனே?" என்று தம்பி கேட்டான். கத்தியைக் கழுவி வைக்க அடுப்படிக்குள் போய்விட்டேன். பயத்தில் போய்விட்டேன் என்று நினைத்திருப்பான். பயம் இல்லை.

கம்ப்யூட்டர் என் தம்பி மகளுக்கு வாங்கியது. அவள் பெரம்பலூரில் படித்தவள். வீடு கட்டும் பிளான் வரைந்து, கட்டி முடித்த வீடு போலவே வண்ணம் கொடுத்து, சன்னல், கதவு, மாடிப்படி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். பெரம்பலூரில் ஒரு இன்ஜினீயர் அவளுக்கு வேலை கொடுத்தார். ஆபீசில் உட்கார இடம் இல்லை, வீட்டில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வேலையை முடித்து அனுப்பிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவளுடைய வேலை அந்த ஒரு பொருளை நம்பி இருந்தது.

தம்பி நல்லவன். ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. வாங்கித் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டான். எதை வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. அவன் சொன்னது, கம்பெனியே எல்லாவற்றையும் மாட்டி, சீல் வைத்து, பெட்டியில் போட்டுத் தருவது. அவள் கேட்டது, ஒவ்வொன்றாக வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்வது.

"அப்பா, பெட்டியில வர்றதுல பவர் சப்ளை சின்னதுப்பா. நாளைக்கி கிராபிக்ஸ் கார்டு சேத்தா தாங்காது. மாத்தலாம்னாலும் அவங்களோடதத்தான் போடணும், வெளியில கெடைக்காது. நான் சொல்றபடி நல்ல போர்டா பாத்து வாங்கிட்டா, இப்பத்திக்கி ரேம் கம்மியா போட்டுக்கிட்டு, சம்பளம் வர வர நானே சேத்துக்குவேன்."

"எங்கேருந்து சேப்பே? நீ போற எடத்துல இருந்தா?"

"நான் எங்கப்பா போறேன்?"

தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "ஜாதகம் வெளிய போயிருக்குல்ல. வாங்குறது முழுசா இருந்தாதான நாளைக்கி வைக்கிறப்ப பாக்க ஒரு இதா இருக்கும்? உதிரி உதிரியா வாங்கி மூளியா ஒண்ண வெச்சா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

வைக்கிறப்ப என்றால் சீரில் வைக்கும்போது. எங்கள் ஊர்ப் பக்கம் வயசுக்கு வந்த பெண்ணுக்கு எதை வாங்கினாலும் அதை ஒரு கண் சீர்வரிசைத் தட்டோடு சேர்த்துத்தான் பார்க்கும். குடமானாலும் குத்துவிளக்கானாலும் பீரோவானாலும் முழுசாக, புதுசாக, கை படாததாக இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத வாளியை வைக்கக் கூடாது, மூடி இல்லாத தூக்குச்சட்டியை வைக்கக் கூடாது. மூளி என்றால் ஆகாது.

அந்த மூளி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மனசு நின்றது இந்த அடுப்படியில் இல்லை, அரியலூர்க் கடைவீதியில் ஒரு தையல் மெஷின் கடை வாசலில், பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அப்பாவின் கடைசித் தங்கை எங்களோடு இருந்தாள், அவளைத்தான் அத்தை என்று சொல்கிறேன். செந்துறையில் மாதர் சங்கத்தில் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே இருந்த ஒரே கைமெஷினுக்கு வரிசையில் காத்திருந்து கற்றுக்கொண்டாள். அத்தைக்குக் கை ஓடும் வேகம் அப்படி. துணியை உடம்பில் வைத்து அளக்கவே மாட்டாள், ஆளை ஒருமுறை பார்ப்பாள், வெட்டிவிடுவாள். ஊரில் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் செந்துறைக்குப் போக வேண்டும். ஒரு மெஷின் இருந்தால் ஊர்த் துணி முழுக்க தன்னிடம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வருஷம் முந்திரி நன்றாகக் காய்த்தது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "தங்கச்சிக்கு ஒரு தையல் மெஷினு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். அத்தை என்னோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் தோளைப் பிடித்த கை இறுகியது. எனக்கு வலித்தது, ஆனால் சந்தோஷத்தில் பிடிக்கிற பிடி என்று தெரிந்ததால் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினாள். மெஷினைத் தனித்தனியாகவும் வாங்கலாம், முழுதாகவும் வாங்கலாம். ஊசி ஏறி இறங்குகிற மேல்பாகம்தான் தலை. அதில் ஒரு கைச்சக்கரம் மாட்டித் தருவார்கள், பலகையில் வைத்துத் தரையில் உட்கார்ந்து தைக்கலாம். பிறகு வசதி வரும்போது காலால் மிதிக்கிற இரும்பு ஸ்டாண்டு வாங்கி அதன்மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கரண்டு வந்தால் மோட்டாரும் மாட்டலாம் என்றாள். எங்கள் ஊரில் அப்போது கரண்டே இல்லை.

"ஒங்கப்பா முழு மெஷினு கேப்பாரு. நீ நடுவுல பூந்து சொல்லு. தலை மட்டும் போதும், கைச்சக்கரம் வெச்சதுன்னு அத்தை சொன்னுச்சுன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"தலை மட்டும் போதும், கைச்சக்கரம் வெச்சது."

"அத்தை சொன்னுச்சுன்னு?"

"அத்தை சொன்னுச்சு."

"மறந்தே, ஒனக்குத் தீவாளிப் பாவாடை கெடையாது."

நீங்கள் கேட்கலாம், அவளே அண்ணனிடம் சொன்னால் என்ன என்று. கல்யாணமாகாத பெண் தனக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆம்பிளைகளிடம் சொல்வது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. எது வாங்கித் தருகிறார்களோ அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். கடைக்குப் போவதும் இல்லை. அதனால் என்னை அனுப்பினாள்.

அப்பா, என் தாய்மாமா, நான் மூன்று பேரும் பஸ் ஏறி அரியலூர் போனோம். கடைக்காரர் வெற்றிலை போட்ட வாயோடு, "முழுசா வேணுங்களா, தலை மட்டுங்களா?" என்று கேட்டார். இவ்வளவு சுலபமாக என் இடம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வழி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அத்தை சொன்னது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கடைக்காரர், "பாப்பாவே யேவாரம் பேசுதே" என்று சிரித்து, பலகையில் இருந்த ஒரு கைமெஷினைக் காட்டி, "சுத்திப் பாரு பாப்பா" என்றார். சுற்றினேன். ஊசி குதித்துக் குதித்து இறங்கியது. கறுப்பு உடம்பில் தங்கப் பூ போட்டிருந்தது. இதுதான் அத்தைக்கு என்று நினைத்தேன்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏம் மச்சான், தலைய மட்டும் தூக்கிட்டுப் போயி மாப்பிள்ள வூட்டுல எறக்குனா, முண்டம் எங்கய்யான்னு கேக்க மாட்டான்?"

கடைக்காரரும் சிரித்தார். "சீருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க. சீருக்கு யாரும் கைமெஷினு எடுக்க மாட்டாங்க. ஸ்டாண்டு, மேசை, பூட்டு வெச்ச மர மூடி, அத்தனையும் சேந்து ஒரே செட்டா இருக்கு."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "அண்ணனுக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு சின்னதா கேட்டு விட்டுருக்குது பாரு. அது மனசு அப்பிடி. எந்தங்கச்சிக்கு நான் கொறையா வாங்குவனா?" என்றார். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு பெருமை. கேட்டதற்கு மேலேயே கொடுக்கிற அப்பா யாருக்குக் கிடைப்பார்? முழு மெஷின் வாங்கினோம். எனக்கு ஒரு பொட்டலம் அல்வாவும் கிடைத்தது. பஸ்ஸின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கண்டக்டர், "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார். மாமா, "எங்க வூட்டுப் பொண்ணு சீருய்யா, அடிபடாம ஏத்து" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் இறக்கியதும் அம்மா மெஷினுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். தெருவே வந்து பார்த்தது. அத்தையும் வந்து பார்த்தாள். ஸ்டாண்டைத் தொடவில்லை, மர மூடியைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன் அத்தை. மறக்காம சொன்னேன்."

தலையை மட்டும் ஆட்டினாள். எல்லோரும் கலைந்த பிறகு கதவுப் பக்கம் போய் நின்று, "ஓட்டிப் பாக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள். அவள் அண்ணனிடம் அப்படி நேராக எதையும் கேட்டு நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"எதுக்கும்மா? எண்ணெ பட்டு அழுக்காயிடும். போற எடத்துல போயி ஆசை தீர ஓட்டிக்க" என்றார் அப்பா, அவ்வளவு வாஞ்சையாக.

அம்மா மூடியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதன் பிறகு மாப்பிள்ளை அமைகிற வரை அது மூலையில் பழைய வேட்டி போர்த்தி நின்றது. பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அத்தை ஊர்த் துணிகளைக் கையால் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. முன்பெல்லாம் தைக்கும்போது பாடுவாள், அதை நிறுத்திவிட்டாள். என்னைக் கண்டால் எரிந்து விழுந்தாள். நான் செய்யாத தப்புக்கு என்ன கோபம் என்று எனக்கும் அவள் மேல் கோபம். அல்வாவில் பங்கு கொடுக்காததுதான் காரணம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செட்டிகுளம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சீர் போனபோது மெஷின்தான் முன்னால் போனது. அடுத்த பங்குனியில் மலை முருகனைக் கும்பிடப் போனவர்கள் அப்படியே அத்தை வீட்டுக்கும் போனோம். மெஷின் ஒரு மூலையில், அதே வேட்டி போர்த்தி, மேலே பித்தளை அண்டா கவிழ்த்து நின்றது. மாமியாருக்கு மெஷின் சத்தம் தலைவலியாம். அதற்குப் பின் ஒருமுறை போனபோது மூலையில் வெறும் அண்டாதான் இருந்தது. அத்தை கோணி ஊசியால் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மெஷினு எங்க?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அதுக்குக் கல்யாணம் ஆயிப் போயிருச்சுடி" என்றாள்.

அவளுடைய நாத்தனாருக்குச் சீராக அது போய்விட்டிருந்தது. கை படாமல் முழுசாக இருந்ததால் அவர்களுக்கு வேலை மிச்சம். அந்த வீட்டிலாவது யாராவது ஓட்டினார்களா, அல்லது அங்கிருந்தும் அது இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போனதா, தெரியாது. அத்தை சொன்னதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மெஷினுக்குத் தாலி கட்டுவதுபோல நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி மறுபடி சிரித்தேன்.

அத்தை போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவளுக்கு அதன் பிறகு யாரும் மெஷின் வாங்கித் தரவில்லை. அதுதான் ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்றே.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். தம்பி பெட்டியில் வருவதைத்தான் வாங்கினான். பெரம்பலூரில் ஒரு கடையில் வாங்கி, காரின் பின் சீட்டில் குழந்தையைப்போல் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். தம்பி பெண்டாட்டி அட்டைப் பெட்டி மேல் சந்தனம் வைத்தாள். தம்பி மகள் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தாள்.

"இருடா, பிரிக்காத" என்றான் தம்பி. "ஒரு நல்ல எடம் வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான். சீல் ஒடையாம இருந்தா வைக்கிறப்ப கௌரவமா இருக்கும். அப்பறம் அங்க போயி ஆசை தீர வேலை பாரு."

"அப்பா, வர்ற திங்கக்கெழமை நான் மொத பிளான் அனுப்பியாவணும்."

"இன்ஜினீயர்ட்ட நான் பேசிக்கிறேன். என் பொண்ணுக்கு நான் எதுலயாச்சும் கொறை வெச்சிருக்கேனா?"

அதே வார்த்தை. அதே வாஞ்சை. அப்பா அதைச் சொன்னபோது தம்பி பிறக்கவே இல்லை, இந்த வார்த்தையை எங்கே கற்றான்? என் கோபத்துக்கு இதுதான் காரணம். கெட்டவன் ஒருத்தன் எதிரில் இருந்தால் இரண்டு வார்த்தை கேட்கலாம். இவனை என்ன கேட்பது? தம்பி மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். பெட்டிக்கு மேல் ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து போர்த்தினார்கள்.

வேட்டியைப் போர்த்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போதுதான் செய்தேன். யாரும் இல்லாத நேரத்தில் செய்திருந்தால் எலி கடித்தது என்று சொல்லி ஒட்டுப் போட்டுவிடுவார்கள். அடுப்படியிலிருந்து கத்தியோடு வந்தேன், வேட்டியை இழுத்துப் போட்டேன், சீலை நடுவாக அறுத்தேன், அட்டையையும் நாலு பக்கம் கிழித்தேன். தெர்மாக்கோல் பூப்பூவாகப் பறந்தது. "அண்ணி, அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி கத்தினாள். தம்பி என் கையைப் பிடித்தான். அதற்குள் வேலை முடிந்திருந்தது. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். சீருக்கும் ஆகாது.

திங்கட்கிழமை பிளான் போய்விட்டது. ஆனால் அவள் சொன்னதுபோலவே அந்தக் கம்ப்யூட்டர் திணறுகிறது. வீட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னால் பாதியில் நின்று யோசிக்கிறது. நேற்று மத்தியானம் அவள் ஸ்குரூ டிரைவரால் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டாள். உள்ளே பச்சைப் பலகையும் ஒயர்களும் சுழலும் ஃபேனும் தெரிந்தன. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்க அத்தை, ஒரு எடம் காலியா இருக்கு. மொத சம்பளத்துல இன்னொரு ரேம் போட்டுருவேன். இதுக்கு மேல இதுல ஒண்ணும் பண்ண முடியாது. பின்னாடி பாத்துக்கலாம்."

அவள் தகட்டைத் திரும்ப மூடவில்லை. கேட்டேன். "ஏண்டி, உதிரியா வாங்கித் தரச் சொல்லி அந்தப் பிடி பிடிச்சியே, பின்னால சேத்துக்கலாம்னுதானா?"

அவள் ஸ்குரூக்களை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுவுந்தான். உதிரியா வாங்கி மாட்டுனத யாரு அத்தை சீர்ல வைப்பா? மூளியா இருந்தாத்தான எனக்குன்னு இருக்கும்."

 கழற்றிய தகட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை சிக்கனத்துக்காகக் கேட்கவில்லை. அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று கேட்கவில்லை. தலை மட்டும் வந்தால் அதை எந்தச் சீரிலும் வைக்க முடியாது, வைக்க முடியாததை யாரும் பூட்டி வைக்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டு போகவும் மாட்டார்கள். அதற்காகத்தான் குறையாகக் கேட்டாள். அந்த வீட்டில் தனக்கென்று ஒரு பொருள் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அதைக் கிணற்றடியில் வைத்து என் வாயில் ஊட்டி அனுப்பினாள். நான் கடையில் போய் ஒரு எழுத்து தவறாமல் ஒப்பித்துவிட்டு, அப்பாவின் தாராளத்தைப் பார்த்துப் பூரித்து, அல்வாவை நக்கிக்கொண்டே திரும்பினேன்.

இதைத் தம்பி படிப்பான் என்று நம்பிக்கை இல்லை. படிக்கிறவர்கள் யாராவது ஒரு உதவி செய்யுங்கள். கம்ப்யூட்டர் உறுப்புகளின் பெயரையெல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். செந்துறையில் மாதர் சங்கம் அந்தக் காலத்தில் இருந்ததா, அரியலூரில் அந்தக் கடை கடைவீதியில்தானா, ஸ்டேஷன் பக்கமா, வயதானவர்கள் சொன்னால் சரி செய்துகொள்வேன். செட்டிகுளம் போனது பங்குனியில்தானா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. அத்தை என்னிடம் சொல்லி அனுப்பியதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை நான் மறக்கவில்லை.